ரீபூட் ஆன உலகில் எங்கிருந்து படிப்பது? சூப்பர்ஹீரோ காமிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டு முன்னறையில் இரண்டு அலமாரி நிறைய காமிக்ஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்கு வருபவர்களில் சிலர் அப்படியே இங்கேயும் வந்து இரவல் வாங்கிப் போவார்கள். கடலூரிலிருந்து பஸ் ஏறி வருபவர்களும் உண்டு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வாசலில் நின்றபடியே கேட்கும் சந்தேகங்கள் வாராவாரம் அதேதான். அவற்றை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை டீசி, மார்வெல் என்ற இரண்டு அமெரிக்கப் பதிப்பகங்களின் கதைகளைப் பற்றியவை.

அண்ணா, சூப்பர்மேன் முதல் புக்குல இருந்து படிச்சாத்தான் புரியுமா?

வேண்டியதில்லை. சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் 1938-இல் தொடங்கியது. அதன் ஆயிரமாவது இதழ் 2018-இல் வந்தது. இது ஒரே ஒரு தலைப்பின் கணக்கு. அவர் வரும் மற்ற தலைப்புகளையும் சேர்த்தால் ஒரு ஆயுள் போதாது.

கடலூர் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்து பார்த்திருப்பீர்கள். அர்ஜுனன் தபசு நடக்கிற ராத்திரி மட்டும் வந்து உட்காருபவர் பாரதத்தை ஆதியிலிருந்து கேட்டிருக்க வேண்டியதில்லை. வந்திருப்பது யார், எந்த ஊர் ராஜா, என்ன கஷ்டம் என்று கட்டியங்காரன் கேட்டு வாங்கிவிடுவான். நல்ல காமிக்ஸ் ஒவ்வொன்றிலும் முதல் சில பக்கங்கள் அந்தக் கட்டியங்காரன் வேலையைச் செய்யும். செய்யவில்லை என்றால் குறை எழுதியவரிடம்தான். உங்களிடம் இல்லை.

கன்டினியூட்டி கன்டினியூட்டின்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன? டின்டின் படிக்கும்போது இந்தத் தொல்லையே இல்லையே?

பிரெஞ்சு வகுப்புக்குப் போகும் மாணவி ஒருத்தி கேட்டது. புதுச்சேரியில் டின்டின் வழியாக காமிக்ஸுக்குள் வருபவர்கள் நிறையப் பேர், அதனால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வரும். டின்டினுக்கு மொத்தம் 24 ஆல்பம், எல்லாவற்றுக்கும் பின்னால் எர்ஜே என்ற ஒருவர். சூப்பர்ஹீரோ கதை அப்படி இல்லை. ஸ்பைடர்மேனை ஒரே மாதத்தில் மூன்று பேர் மூன்று இதழில் எழுதலாம். ஒன்றில் அவன் கை உடைந்தால் மற்ற இரண்டிலும் கட்டோடு வர வேண்டும். ஒரு கதையில் நடந்ததை அடுத்த கதையும், பக்கத்துக் கதையும் நினைவில் வைத்திருப்பதற்குத்தான் கன்டினியூட்டி என்று பெயர். தமிழில் ‘தொடர்ச்சி’ என்றே சொல்லலாம்.

சந்தையில் வாங்கிய பழைய ஸ்பைடர்மேன் இதழ் ஒன்று என்னிடம் இருக்கிறது. உப்புக் காற்றில் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றுவிட்டது. அதில் ஒரு கட்டத்தின் கீழ் மூலையில் சின்ன மஞ்சள் பெட்டி. நட்சத்திரக் குறி போட்டு, இது இன்ன இதழில் நடந்தது என்று பதிப்பாசிரியர் குறிப்பு எழுதியிருப்பார். பத்து வயதில் அதைப் படித்தபோதுதான், என் கையில் இருக்கும் கதைக்கு வெளியேயும் கதை நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அந்த இன்னொரு இதழ் கடைசிவரை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அன்று முழுக்க அதில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கன்டினியூட்டி தரும் சந்தோஷம் அதுதான்.

ரீபூட், ரீலாஞ்ச், ரெட்கான். மூணும் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகம் வருகிறது. ரீலாஞ்ச் என்றால் இதழ் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், கதை பாட்டுக்குத் தொடரும். ரீபூட் என்றால் உலகத்தின் வரலாறே புதிதாகத் தொடங்கும், பழைய சம்பவங்கள் நடக்கவே இல்லை என்று ஆகும். ரெட்கான் என்றால் உலகம் அப்படியே இருக்கும், கடந்த காலத்தில் ஏதோ ஒரு விஷயம் மட்டும் மாறும்.

ரெட்கானுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் கேப்டன் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போரின் முடிவில் கடலில் விழுந்து, பனியில் உறைந்து கிடந்தவரை அவெஞ்சர்ஸ் குழு கண்டெடுத்ததாக 1964-இல் எழுதினார்கள். ஆனால் 1950-களிலேயே அவர் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போடும் இதழ்கள் வந்திருந்தன! பனியில் கிடந்தவர் எப்படிச் சண்டை போட்டார்? 1972-இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் விடை எழுதினார்: அந்த வேடத்தில் இருந்தவன் வேறொருவன், மூளை கலங்கிப்போனவன். ஒரு முரணை மூடப் போய் ஒரு நல்ல வில்லன் கிடைத்துவிட்டான். ரெட்கான் என்றாலே மோசடி என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

டீசி எத்தனை தடவை ரீபூட் ஆச்சு? வரிசையா சொல்லுங்க.

வரிசையைச் சொல்லும் முன் காரணத்தைச் சொல்கிறேன், அப்போதுதான் மனதில் நிற்கும். 1940-களில் ஃபிளாஷ் என்ற மின்னல் வேக நாயகன் என்றால் ஜே காரிக். அந்தத் தலைப்பு நின்றுபோன பிறகு, 1956-இல் பாரி ஆலன் என்ற புதிய ஃபிளாஷை உருவாக்கினார்கள். பாரியின் உலகத்தில் ஜே ஒரு காமிக்ஸ் கதாபாத்திரம், பாரி அதைப் படித்து வளர்ந்தவன். 1961-இல் 123-ஆவது ஃபிளாஷ் இதழில் பாரி தற்செயலாக இன்னொரு பூமிக்குப் போகிறான். அங்கே ஜே உயிரோடு, வயதாகி இருக்கிறார். தான் படித்த கதையின் நாயகன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான் பாரி. பூமி-1, பூமி-2 என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது.

பூமிகள் பெருகிக்கொண்டே போயின. புதிதாக வருபவர்களுக்குக் குழப்பம் என்று சொல்லி, 1985-இல் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ என்ற 12 இதழ் தொடரில் எல்லாவற்றையும் அழித்து ஒரே பூமியாக்கினார்கள். எழுதியவர் மார்வ் வுல்ஃப்மேன், வரைந்தவர் ஜார்ஜ் பெரெஸ். இதுதான் முதல் பெரிய ரீபூட். இதற்கு அடுத்து 1986-இல் ஜான் பைர்ன் சூப்பர்மேனையும், 1987-இல் பெரெஸ் வொண்டர் உமனையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இரண்டுமே அருமையான தொடக்கங்கள்.

ஆனால் நெசவில் ஒரு இழையை உருவினால் பக்கத்து இழையும் சுருங்கும். வொண்டர் உமன் இப்போதுதான் ஊருக்குள் வருகிறாள் என்றால், ஜஸ்டிஸ் லீக் என்ற நாயகர் குழுவைத் தொடங்கியவர்களில் அவள் எப்படி இருந்திருக்க முடியும்? அந்த இடத்தில் பிளாக் கேனரி என்ற நாயகியை வைத்தார்கள். சரி, குழந்தையாக இருந்தபோது வொண்டர் உமன் காப்பாற்றிய டோனா டிராய்? பாவம் டோனா, அவளுடைய பிறப்புக் கதையை மட்டும் பல தடவை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இப்படிச் சேர்ந்த ஓட்டைகளை அடைக்க 1994-இல் ‘ஜீரோ ஹவர்’ வந்தது. இதழ் எண்கள் 4-இல் தொடங்கி 0-வில் முடியும். 2005-இல் வந்த ‘இன்ஃபினிட் கிரைசிஸ்’ இன்னொரு திருத்தம். 2011-இல் ‘ஃபிளாஷ்பாயின்ட்’ முடிந்ததும் 52 தலைப்புகளை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினார்கள், அதுதான் நியூ 52. 2016-இல் ‘ரீபர்த்’ வந்து பழைய வரலாற்றில் நிறையத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. 1985-ஐயும் 2011-ஐயும் நினைவில் வைத்தால் போதும். மற்றவை மராமத்து வேலைகள்.

மார்வெல்ல ரீபூட்டே கிடையாதுன்னு என் ஃபிரெண்டு சண்டை போடுறான். உண்மையா?

பெரும்பாலும் உண்மை. 1961-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழோடு தொடங்கிய உலகம்தான் இன்றும் ஓடுகிறது. அதற்கு 616 என்று எண். அவர்கள் காலத்தை நகர்த்திக்கொண்டே வருகிறார்கள். நாயகர்கள் தோன்றியது எப்போதுமே ‘சில வருடங்களுக்கு முன்பு’ தான். 1963-இல் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க் காயப்பட்டது வியட்நாமில். 2000-க்குப் பிறகு எழுதப்பட்ட கதையில் அதே சம்பவம் ஆப்கானிஸ்தானுக்கு நகர்ந்தது. 2019-இல் சியான்காங் என்ற கற்பனை நாட்டில் நடந்த போர் என்று பொதுவாக்கினார்கள், இனி நகர்த்தத் தேவையில்லை.

இந்த முறைக்கு அடங்காதவர் எக்ஸ்-மென் கதைகளில் வரும் மேக்னெட்டோ. சிறுவயதில் நாஜி வதைமுகாமில் இருந்தவர் அவர். அந்த வரலாற்றை எந்தப் போருக்கும் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. 1970-களில் ஒரு கதையில் அவரைக் குழந்தையாக்கி, பிறகு இன்னொரு கதையில் வாலிபராக்கிவிட்டிருந்தார்கள். அதனால்தான் இன்றும் அவர் திடமாக நடமாட முடிகிறது.

2000-இல் மார்வெல் ‘அல்டிமேட்’ என்ற தனி உலகம் ஒன்றைத் தொடங்கியது. அதைத்தான் பலர் ரீபூட் என்று நினைக்கிறார்கள். பழைய உலகம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. 2015-இன் ‘சீக்ரெட் வார்ஸ்’ முடிவில் அல்டிமேட் உலகம் போய், அங்கே ஸ்பைடர்மேனாக இருந்த மைல்ஸ் மொரேல்ஸ் பெரிய உலகத்துக்குக் குடிவந்தான்.

ஒண்ணாம் நம்பர்னு போட்டிருந்துச்சுன்னு வாங்கிட்டு வந்தேன். உள்ள பார்த்தா பாதியில இருந்து கதை நடக்குது. ஏமாந்துட்டேனா?

நீங்கள் வாங்கியது ரீலாஞ்ச். புதிய எழுத்தாளர் வரும்போதெல்லாம் எண்ணை ஒன்றாக்குவது இப்போது வழக்கம், ஒன்றாம் இதழ் கூடுதலாக விற்கும் என்பதால். நம் தெருக்களில் ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்று வாசலில் பலகை தொங்குகிறதே, அதே சங்கதி. வீடு ஒன்றுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆக்‌ஷன் காமிக்ஸ் 2011-இல் 904-ஆவது இதழோடு நின்று, நியூ 52-இல் ஒன்றாம் எண்ணிலிருந்து 52 இதழ் ஓடியது. 904-உம் 52-உம் சேர்ந்தால் 956. 2016-இல் ரீபர்த் வந்தபோது அடுத்த இதழின் அட்டையில் 957 என்று போட்டார்கள். பழைய எண்ணுக்கே திரும்பிவிட்டது. எனவே அட்டை எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். எழுதியவர், வரைந்தவர் பெயரைப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஆள் தொடர்ந்து எழுதிய பகுதிக்கு ‘ரன்’ என்று பெயர். ரன்னின் தொடக்கத்தில் நுழைவதுதான் பத்திரமான வழி.

எவென்ட் வந்தா அத்தனை டை-இன்னும் வாங்கணுமா?

வேண்டாம். எவென்ட் என்பது எல்லா நாயகர்களும் சேரும் பெரிய கதை, டை-இன் என்பது அதன் கிளைக்கதை. முதன்மைத் தொடரை மட்டும் படியுங்கள். அதோடு உங்களுக்குப் பிடித்த நாயகனின் டை-இன் ஒன்று போதும். காசு மிச்சமானால் வேறொரு நல்ல தொகுப்பு வாங்கலாம்.

படம் பார்த்துட்டு ஆசை வந்துச்சு. எங்கிருந்து ஆரம்பிக்கிறது? பையனுக்கு எட்டு வயசு, அவனுக்கும் ஏத்த மாதிரி சொல்லுங்க.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டது. முதலில் ஒன்று: படத்தின் தொடர்ச்சி காமிக்ஸில் இருக்காது. இரண்டும் வேறு உலகங்கள்.

பெரியவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’. கிராண்ட் மாரிசன் எழுத்து, ஃபிராங்க் குவைட்லி ஓவியம், 12 இதழ். எந்தக் கன்டினியூட்டிக்கும் கட்டுப்படாதது. அதன் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான்கே கட்டம், எட்டே ஆங்கிலச் சொல். அழியும் கிரகம், பதறும் பெற்றோர், சிறு விண்கலம், அன்பான ஒரு தம்பதி. அவ்வளவில் சூப்பர்மேனின் பிறப்புக் கதை முழுதும் முடிந்துவிடும். மேலே கட்டியங்காரன் என்று சொன்னேனே, இதைவிட நல்ல கட்டியங்காரனை நான் பார்த்ததில்லை. பேட்மேனுக்கு 1987-இல் வந்த ‘இயர் ஒன்’. ஆனால் அது பெரியவர்கள் கதை, பையன் கையில் கொடுக்காதீர்கள்.

பதின்வயதில் இருப்பவர்களுக்கு 2000-இல் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’, 2014-இல் தொடங்கிய ‘மிஸ் மார்வெல்’. மிஸ் மார்வெலில் வரும் கமலா கான் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போகும் அவளை நம் பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். எட்டு வயதுக்கு இவற்றில் எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

ராணி காமிக்ஸ் மாயாவிக்கு இந்த ரீபூட் எல்லாம் கிடையாதே தம்பி?

ஆமாம் ஐயா. ராணி காமிக்ஸில் நாம் மாயாவி என்று படித்தவர், லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய ஃபேன்டம். முத்து காமிக்ஸ் 1972-இல் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி வேறு ஆள். இரண்டு பேரையும் ஒருவர் என்று நினைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஃபேன்டம் கதையில் அப்பா இறந்ததும் மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொள்வான். காட்டு மக்கள் அவருக்குச் சாவே இல்லை என்று நம்புவார்கள். நாம் படித்தவர் 21-ஆவது தலைமுறை. காலம் நகர்வதைக் கதைக்குள்ளேயே வைத்துவிட்டதால் உலகத்தை அழிக்க வேண்டிய தேவை வரவில்லை.

டீசியும் ஃபிளாஷ் விஷயத்தில் இதைச் செய்து பார்த்தது. ஜே, பாரி என்று மேலே சொன்னேன் அல்லவா? மூன்றாமவன் வாலி வெஸ்ட், பாரியின் உதவியாளனாக இருந்தவன். அவன் கதையை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

செத்தவங்க எல்லாரும் திரும்ப வந்துடுறாங்க. அப்புறம் எதுக்கு அந்தக் கதையைப் படிச்சு வருத்தப்படணும்?

1992-இல் சூப்பர்மேன் இறந்த, ‘சூப்பர்மேன்’ தலைப்பின் 75-ஆவது இதழைப் பாருங்கள். அதற்கு முந்தைய இதழ்களில் பக்கத்துக்கு நான்கு கட்டம், பிறகு மூன்று, பிறகு இரண்டு என்று குறைந்துகொண்டே வந்து, இந்த இதழில் பக்கத்துக்கு ஒரே படம். மூச்சு அடங்குவது போல இருக்கும். அடுத்த வருடமே அவர் திரும்பிவிட்டார் என்பது தெரிந்தும் அந்தக் கடைசிப் பக்கத்தில் என் கை நிற்கும். கூத்தில் அபிமன்யு அடுத்த வருடமும் வந்து ஆடுவான் என்று தெரிந்துதான் ஊர் அழுகிறது.

பாரி ஆலன் 1985-இன் கிரைசிஸில் உலகத்தைக் காப்பாற்றி இறந்தான். இருபது வருடத்துக்கு மேல் அவனைத் திரும்பக் கொண்டுவரவில்லை, 2008-இல்தான் வந்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வாலிதான் ஃபிளாஷ். மாமன் பாரியின் இடத்தை நிரப்ப முடியுமா என்று பயந்த பையன், கல்யாணமாகி, குழந்தை பெற்று, தன் பெயரில் நிற்கும் வரை நாம் கூடவே வளர்ந்தோம். பாரியின் சாவு நிலைத்ததால் கிடைத்த கதை அது. அதனால்தான் அவசரமாகத் திருப்பிக் கொண்டுவரும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நான் ஆசையா படிச்ச கதை இனிமே செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. மனசு விட்டுப்போச்சு.

எனக்கும் அந்த வலி தெரியும். 1987-இல் ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம் ஆனது. 2007-இல் ‘ஒன் மோர் டே’ என்ற கதையில், மே அத்தையின் உயிருக்குப் பதிலாக அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று ஆனது. எழுதியது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பீட்டர் அப்படிப் பேரம் பேசுபவன் இல்லை.

ஆனால் அந்த இருபது வருட இதழ்கள் என் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. போன மாதம்கூட ஒரு கல்லூரி மாணவர் அவற்றில் நான்கு எடுத்துப் போனார், கல்யாணம் ‘ரத்தானது’ தெரியாமலே படித்து ரசித்தார். நடந்ததை மாற்றுவது பதிப்பகத்தின் அடுத்த இதழுக்கு மட்டும்தான் பொருந்தும். 2024-இல் வந்த புதிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ பீட்டரை மேரி ஜேனின் கணவனாக, இரண்டு குழந்தைகளின் அப்பாவாகக் காட்டியது. அதை வாங்கிய அன்று ராத்திரியே படித்து முடித்தேன்.

நியூ 52-ல சூப்பர்ஹீரோக்கள் வந்தே அஞ்சு வருஷம்தான்னு சொன்னாங்க. அஞ்சு வருஷத்துல பேட்மேனுக்கு எப்படி நாலு ராபின்?

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். பேட்மேனின் இளம் உதவியாளன் ராபின் வேடத்தில் டிக், ஜேசன், டிம், டேமியன் என்று நான்கு பேர். டேமியன் பேட்மேனின் சொந்த மகன், அவனுக்கே பத்து வயது. இதற்குக் கதைக்குள் திருப்தியான விடை கிடையாது. 2011-இல் பேட்மேனும் கிரீன் லான்டர்னும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன, அதனால் அவர்கள் வரலாற்றில் பெரும்பகுதியை விட்டுவைத்தார்கள். மற்றவர்களுக்கு மட்டும் புதிய தொடக்கம். பாதி வீட்டை இடித்துப் பாதியில் குடியிருந்தது போலத்தான். டிம் ராபினாகவே இருந்ததில்லை, தொடக்கத்திலிருந்தே ரெட் ராபின்தான் என்றுகூட மாற்றிப் பார்த்தார்கள். ரீபூட் செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ரீபூட்டுக்கு முன்னாடி நடந்தது அவங்களுக்கு ஞாபகம் இருக்குமா?

பொதுவாக இருக்காது. ஆனால் பிரளயத்தில் மூழ்காத சீர்காழித் தோணி போல யாராவது ஒருவர் தப்பிவிடுவார். 1985-இன் கிரைசிஸ் முடிவில் பழைய பூமிகள் அத்தனையும் நினைவிருப்பது சைக்கோ பைரட் என்ற வில்லனுக்கு மட்டும். கடைசிப் பக்கத்தில் அவன் மனநோய் விடுதியில் கட்டப்பட்டுக் கிடந்து, இறந்துபோன உலகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். அவன் சொல்வதெல்லாம் உண்மை, கேட்பவர்களுக்குப் பிதற்றல்.

2016-இன் ரீபர்த்தில் வாலி வெஸ்ட். நியூ 52 அவனை உலகத்தின் நினைவிலிருந்தே எடுத்துவிட்டிருந்தது. அவன் ஒவ்வொருவர் முன்பாகவும் தோன்றி, என்னைத் தெரிகிறதா என்று தவிப்பான். மனைவியாக இருந்தவளுக்கே தெரியாது. கடைசியாக பாரியிடம் விடைபெற்றுக் கரையப் போகும் நேரத்தில் பாரிக்கு நினைவு வந்து கையைப் பிடித்து இழுத்துவிடுவான். ரீபூட்டால் மனம் விட்டுப்போனவர்களுக்கு நான் இதைத்தான் இரவல் கொடுப்பேன்.

அப்போ 1938-ல வந்த அந்த முதல் சூப்பர்மேன் என்ன ஆனார்?

கேட்காமல் போய்விடுவீர்களோ என்று நினைத்தேன். பழைய இதழ்களின் சூப்பர்மேன் பூமி-2-ஐச் சேர்ந்தவர் என்று பிறகு வகுத்தார்கள். அவர் தலை நரைத்தவர், லோயிஸைக் கல்யாணம் செய்துகொண்டவர். கிரைசிஸில் அவருடைய பூமி அழிந்தபோது அவரையும் லோயிஸையும் உலகங்களுக்கு அப்பால் ஒரு இடத்துக்கு அனுப்பி நிம்மதியாக வைத்தார்கள். இருபது வருடம் கழித்து, 2005-இல் தொடங்கிய இன்ஃபினிட் கிரைசிஸில் அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறார். லோயிஸ் இறந்துகொண்டிருக்கிறாள், தன் பழைய பூமி திரும்பினால் அவள் பிழைப்பாள் என்று நம்புகிறார். அவள் பிழைக்கவில்லை. 2006-இல் வந்த ஏழாவது இதழில் கடைசிச் சண்டை முடிந்ததும், உறவுக்காரப் பெண் பவர் கேர்ள் தாங்கிப் பிடித்திருக்க அவர் உயிர் பிரிகிறது. 1938-இன் அட்டையில் பச்சை நிறக் காரைத் தலைக்குமேல் தூக்கி நின்றவருக்கு 68 வருடம் கழித்துக் கிடைத்த முடிவு அது. புத்தகம் இரண்டாவது அலமாரியில், மேல் தட்டில், வலது ஓரத்தில் இருக்கிறது.